ஐந்தாவது கேமரா

ஔடதத்துக்குப் பிறகு எனக்கு வாய்த்த
இரண்டாவது ஔ இந்த ஊர்.
ஔலு. டிசம்பர். மதியம் இரண்டரைக்கே இருட்டு.

முன்பு தார்ப் பீப்பாய் அடுக்கிய கிடங்கில்
ஆறு ஆழக் கேமராக்களை வட்டமாக நிறுத்தி
நடுவே நிற்பதை, அது நிற்கும்போதே,
புள்ளி புள்ளியாக அள்ளி
வேறோர் உலகத்தில் கொட்டுகிறோம்.
அந்த உலகம் ஒரு ஜூலை மாத ஏரி.
இல்போ வரைந்தது. கொசு மட்டும் இல்லை.

ஐந்தாவது கேமரா திங்கட்கிழமை செத்தது.
புதிது கேட்டு எழுதியிருக்கிறோம்.

இல்போ தலைக்கவசம் மாட்டிக்கொண்டு
கம்பளிக் காலுறையோடு ஏரிக்கரையில் நிற்கிறான்.
எனக்கு இரண்டும் தெரியும்:
இடத் திரையில் கிடங்கு, வலத் திரையில் ஏரி.

நொகி உள்ளே வருகிறது.
நொகி என்றால் இவர்கள் மொழியில் புகைக்கரி.
அகச்சிவப்பை விழுங்கிவிட்டுத்
திருப்பித் தராத ரோமம்.
ஏரிக்கரையில் நாய் இல்லை;
ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை
முழங்கால் உயரத்தில் தானே நடந்து வருகிறது,
அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாக்கு.
இல்போ சிரிக்கிறான். பழகிய பிழை.

பின்னாலேயே, பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம்.
"கழற்ற வேண்டாம். ஒரு நிமிடம்தான்."
ஸைமி.

ஏரிக்கரையில் அவள் கூடுகிறாள்:
மஞ்சள் மேலங்கி, கைகள், கடைசியில் முகம்;
மூக்குக்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு ஓட்டைகள்.
சொல் நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது.
உதடு கம்பியெல்லாம் சுற்றி
எண்பது மில்லி விநாடி பிந்தி வருகிறது.
அந்த எண்பதை நாற்பதாக்கத்தான்
இரண்டு வருடம் இரவுகளிலும் இவன் இங்கே கிடந்தான்.

"வாடகை ஜனவரி வரை கட்டியாயிற்று."
சொல்.
பிறகு உதடு.

கையை நீட்டுகிறாள். உள்ளங்கையில் வீட்டுச் சாவி.
பளபளப்பும் எங்கள் கேமராவுக்கு ஆகாது.
இடத் திரையில் பித்தளை மின்னுகிறது,
வலத் திரையில் திறந்த வெறுங்கை.
வெறுங்கையை ஒருத்தி நீட்டினால்
ஒருவன் என்ன நினைப்பான்?
இல்போ தன் கையை அதன்மேல் வைக்கிறான்.

நான் சொல்லியிருக்கலாம்.
மைக் என் வாயருகேதான் இருந்தது.

விரல்கள் நிற்கின்றன.
பிறகு ஒன்றுமில்லாத இடத்தில்
ஒரு பல், இன்னொரு பல், ஒரு வளையம் என்று
தடவிப் படிக்கின்றன.
வெளிக்குளிர் அதில் இன்னும் இருந்திருக்கும்.
கவசத்தை அவன் கழற்றவில்லை.
அவள் கையை உருவிக்கொள்கிறாள், அவசரமில்லாமல்.
ஏரியின் முன் அவன் மூடிய கை
எதையும் பிடிக்காமல் நிற்கிறது.

திரும்பி நடக்கிறாள்.
கதவுக்குப் போகும் அந்த நாலு அடியில்
முதுகைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஐந்தாவது கேமரா.
ஆகையால் முதுகில்லை.
பின்னால் நிற்பவனுக்குத் தெரிவது
முகத்தின் உட்புறம்:
குழிந்த நெற்றி, எதிர்ப்பக்கம் துருத்திய மூக்கு,
பொம்மை வார்த்தெடுத்த பின் மிஞ்சிய அச்சு.
உட்புறமாக அந்த உதடு
எதையோ சொல்லி முடிக்கிறது.
ஏழு வருடம் கூட இருந்தவளை
இந்தப் பக்கத்திலிருந்து அவன் பார்த்ததில்லை.

வட்டத்தின் விளிம்பில்
தோள், கூந்தல், ஒரு குதிகால் என
அரிந்து அரிந்து இல்லாமல் போகிறாள்.
இடத் திரையில் கதவு சாத்துகிறது.
வெளியே ஒரு சீட்டி. மறுபடி ஒன்று.
அப்புறம் கார் கிளம்பும் ஒலி.

சிவப்புப் பட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
இல்போவின் காலடியில், தண்ணீரின் மேலேயே, படுக்கிறது.

"இந்த நாயை எப்படியாவது தெரிய வைக்க முடியாதா?"

டால்கம் பவுடர் தூவினால் தெரியும் என்கிறேன்.

கால்மேல் கிடக்கும் கனத்தை அசைக்காமல்
சரியென்று தலையாட்டுகிறான்.
ஏரிக்கரையில் அந்தத் தலை
கொஞ்சம் பிந்தித்தான் ஆடுகிறது.